ஊறுகாய் கெடாதிருக்க ஒரு கணக்கு

மாமரம் பூத்துப் பிஞ்சு பிடித்த நாள் முதல் அறுவடை முடியும் வரை காய் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். மரத்தில் பிடிக்கும் பிஞ்சுகளில் மிகச் சிறு பகுதியே முற்றிப் பழமாகிறது. மாசி, பங்குனியில் வடுவாக உதிர்வது ஒரு பங்கு. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வீசும் காற்றில் அரைப் பருவமும் முக்கால் பருவமுமாக விழுவது இன்னொரு பங்கு. இப்படி விழுந்த காயைப் பழுக்க வைக்க முடியாது. அடிபட்ட இடம் இரண்டொரு நாளில் கறுத்து அழுகத் தொடங்கும். எனவே, வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுவதோ, மரத்தடியிலேயே விட்டுவிடுவதோதான் பல தோப்புகளில் வழக்கமாக இருந்து வருகிறது.

இந்தக் காயை விலையுள்ள பொருளாக மாற்றும் வழிகளில், அதிக முதலீடு இல்லாததும் கிராமத்துப் பெண்கள் அனைவரும் அறிந்ததும் ஊறுகாய் போடுவதே. 1 கிலோ மாங்காய்த் துண்டிலிருந்து, மற்றப் பொருள்களும் சேர்ந்து, ஏறத்தாழ ஒன்றரை கிலோ ஊறுகாய் கிடைக்கும். ஆனால், ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உதிர்ந்த காய் மலிவு. அதில் சேரும் நல்லெண்ணெயும் மிளகாயும் கடுகும் மலிவல்ல. ஒரு ஜாடி கெட்டால் நட்டமாவது மாங்காய் அல்ல, கைக்காசும் உழைப்பும்தான். சில வீடுகளில் அதைவிடப் பெரிய நட்டமும் உண்டு.

யார் கை பட்டது?

சில ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மா சாகுபடி பற்றிய கூட்டம் முடிந்து ஒரு விவசாயியின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். திண்ணையில் பெரிய பீங்கான் ஜாடி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்துக் குப்பைக் குழியில் மாவடு கொட்டிக் கிடந்தது. விசாரித்தபோது வீட்டுப் பெரியம்மா, "மருமக தூரமா இருந்தப்போ ஜாடியைத் தொட்டுட்டா சார். அதுல போனதுதான்" என்றார். கதவோரம் நின்ற அந்தப் பெண் தலை நிமிரவில்லை.

"உப்பு எவ்வளவும்மா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"எங்க மாமியார் காலத்துலேர்ந்து படி வடுவுக்குக் கால் படி உப்புதான். இந்த வருஷம் இவருக்கு ரத்தக் கொதிப்புன்னு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரு. அதனால அரைக்கால் படிதான் போட்டேன்" என்றார்.

வடுவைக் கழுவிய பிறகு துடைத்தீர்களா என்று கேட்டதற்கு, அன்று மழை மூட்டமாக இருந்ததால் வடித்து அப்படியே போட்டுவிட்டதாகக் கூறினார். ஜாடி ஏன் கெட்டது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உப்புப் பாதியானது, ஈரம் கூடியது. ஜாடியைத் தொட்ட பெண்ணுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாதவிலக்கான பெண் தொட்டால் ஊறுகாய் கெடும் என்பதற்கு அறிவியலில் ஆதாரமே கிடையாது. யார் கையானாலும் அது சுத்தமாகவும் ஈரமின்றியும் இருந்தால் போதும்.

"கைராசி" என்று சொல்லப்படுவதும் இத்தகையதே. கைராசி உள்ளவர் என்று பெயர் எடுத்தவரைக் கவனித்துப் பாருங்கள். அவர் உப்பை அளந்து போடுவார். காயைத் துடைத்து உலர்த்துவார். ஜாடியை வெயிலில் காய வைப்பார். ஈரக் கரண்டியை உள்ளே விடமாட்டார். இவை அனைவரும் கற்றுக்கொள்ளக் கூடியவையே.

நான்கு காவல்கள்

ஊறுகாயைக் கெடுப்பவை பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சாணம் ஆகிய நுண்ணுயிர்களாகும். இவை காயின் மேலும், காற்றிலும், நீரிலும் எப்போதும் உள்ளன. இவற்றை வளரவிடாமல் தடுப்பவை நான்கு: உப்பு, புளிப்பு, எண்ணெய், ஈரமின்மை.

உப்பு, காயில் உள்ள நீரை வெளியே இழுப்பதுடன் அந்த நீரை நுண்ணுயிர்கள் பயன்படுத்த முடியாதபடியும் செய்கிறது. புளிப்பு, அதாவது அமிலம், பெரும்பாலான பாக்டீரியாக்களை வளரவிடாது. எண்ணெய், மேற்பரப்பில் காற்றுப் படாமல் மூடுகிறது; பூஞ்சாணத்துக்குக் காற்று தேவை. ஈரம் இல்லாதிருந்தால் உப்பும் புளிப்பும் நீர்த்துப் போகாமல் முழு வலிமையுடன் இருக்கும். மிளகாய், கடுகு, மஞ்சள், பெருங்காயம் ஆகியவை சுவையும் மணமும் தருவதோடு ஓரளவு துணையும் செய்யும். ஆனால், இவற்றை நம்பி உப்பைக் குறைக்கலாகாது.

இந்த நான்கில் ஒன்று குறைந்தால் மற்றொன்று அந்த இடத்தை ஈடுசெய்தாக வேண்டும். எண்ணெய் இல்லாத எலுமிச்சை ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கு அதன் புளிப்பும் உப்புமே காரணம். வெயிலில் காயவைத்த மாங்காய் வற்றல் கெடாமல் இருப்பதற்கு ஈரமின்மையும் உப்பும் காரணம். எதை ஊறுகாய் போட்டாலும், "இதில் எந்தக் காவல் குறைவு? அதற்கு ஈடாக என்ன சேர்த்திருக்கிறேன்?" என்று கேட்டுக்கொள்வது நலம்.

உப்புக் கணக்கு

உப்பை மட்டுமே முக்கியக் காவலாக நம்பும்போது, ஊறுகாயில் அது 15 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதை எளிதாகக் கணக்கிடலாம். 1 கிலோ காய்க்கு 180 கிராம் உப்புச் சேர்த்தால் மொத்த எடை 1,180 கிராம். அதில் உப்பு 15 சதவீதத்துக்குச் சற்று அதிகம். 100 கிராம் மட்டும் சேர்த்தால் 9 சதவீதம்தான் வரும். இந்த அளவில் மேலே வெள்ளைப் படலம் படர்வதும், காய் குழைவதும் எளிதில் நிகழும்.

உப்பைப் படியாலும் கையாலும் அளக்காமல் எடை போட்டே சேர்க்க வேண்டும். ஓர் ஆழாக்குக் கல் உப்பும் ஓர் ஆழாக்குத் தூள் உப்பும் ஒரே எடை இரா. கல் உப்பின் கற்களுக்கிடையே வெற்றிடம் உண்டு. தூள் உப்பு இறுகி நிற்கும். பழைய படி அளவை வைத்துக்கொண்டு உப்பை மட்டும் மாற்றினால் கணக்குத் தவறிவிடும். கல் உப்பு ஈரம் இழுத்திருந்தால் அதில் நீரின் எடையும் சேரும். ஆகவே, வெயிலில் காயவைத்து, கல், மண், தூசி நீக்கி, பிறகு எடை போடவும். கட்டிதட்டாமல் இருக்கப் பொருள் சேர்த்த தூள் உப்பில் உப்பு நீர் கலங்கித் தெரியலாம். அதனால் ஊறுகாய்க்குக் கேடு இல்லை.

புளிப்புள்ளதும் இல்லாததும்

மாங்காய், எலுமிச்சை, நாரத்தை, நெல்லி போன்றவற்றில் இயற்கையாகவே புளிப்பு உண்டு. ஆகவே, இவை காவலுடன் பிறந்தவை எனலாம். கேரட், காலிபிளவர், பாகற்காய், கத்தரிக்காய், பச்சை மிளகாய், பூண்டு, இஞ்சி, காளான் போன்றவற்றில் அந்தப் புளிப்பு இல்லை. இவற்றுக்கு நாம்தான் புளிப்பைத் தர வேண்டும்.

இது சுவைக்காக மட்டும் சொல்வதல்ல. குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. அதன் விதைத்துகள் பூண்டு, இஞ்சி போன்ற மண்ணுக்குள் விளையும் பொருள்களுடன் வரக்கூடும். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து, உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சை இது உண்டாக்கும். எண்ணெய்க்குள் மூழ்கிய, புளிப்பில்லாத, உப்பும் குறைவான பூண்டு அதற்கு ஏற்ற இடமாகிவிடுகிறது. நஞ்சு உண்டான பிறகும் மணத்திலோ நிறத்திலோ சுவையிலோ மாற்றம் தெரியாமல் இருக்கலாம். எனவே, முகர்ந்து பார்த்து நம்ப முடியாது. பி.எச். எனப்படும் அமில நிலை 4.6-க்குக் கீழே இருந்தால் இந்தப் பாக்டீரியா வளராது. மாங்காயும் எலுமிச்சையும் இதற்கு வெகுவாகக் கீழே உள்ளவை. பெரும்பாலான காய்கறிகள் இதற்கு மேலே உள்ளவை. எண்ணெய் ஒரு மூடிதான். அது உப்புக்கும் புளிப்புக்கும் மாற்று ஆகாது.

உதிர்ந்த காயைத் தேர்வு செய்தல்

காற்றில் விழுந்த காயை அன்றே பொறுக்கி அன்றே தரம் பிரிக்க வேண்டும். அடிபடாத கெட்டிக் காய் ஒரு பங்கு. ஓரிடத்தில் மட்டும் அடிபட்டது ஒரு பங்கு. வெடித்தது, வண்டு துளைத்தது, அழுகல் தொடங்கியது ஒரு பங்கு. முதல் பங்கை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளவும். இரண்டாவது பங்கில் அடிபட்ட இடத்தைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, மீதியை வற்றலுக்கோ அன்றாடச் சமையலுக்கோ பயன்படுத்தலாம். மூன்றாவது பங்கு எருக்குழிக்கு உரியது. ஒரு அழுகல் துண்டு ஒரு ஜாடியையே கெடுக்கும்.

புளிப்பு மிகுந்த நாட்டு மாங்காய் ஊறுகாய்க்கு மிகவும் ஏற்றது. கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிகளில் மிகுதியாக உள்ள கிளிமூக்கு மாங்காயிலும் போடலாம். அதில் புளிப்புச் சற்றுக் குறைவு என்பதால் முற்றாத காயாக எடுத்து, உப்பை முழு அளவில் போட வேண்டும்.

காம்பைக் கிள்ளிப் பால் வடியவிட்டு, நல்ல நீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊறப்போட்டுக் கழுவவும். பின்பு துணியால் ஒவ்வொரு காயாகத் துடைத்து, நிழலில் பரப்பி ஈரம் முழுவதும் போக உலர்த்தவும். வெட்டிய பிறகு கழுவக் கூடாது.

உப்பில் போட்டு வைத்தல்

ஒரே நாளில் 50 கிலோ காய் விழுந்துவிட்டால், அத்தனைக்கும் எண்ணெயும் மிளகாய்த் தூளும் வாங்க எல்லாராலும் இயலாது. அப்போது கைகொடுப்பது இம்முறை. உப்பு மட்டும் இருந்தால் போதும்.

1 கிலோ மாங்காய்த் துண்டுக்கு 200 கிராம் உப்பும் 10 கிராம் மஞ்சள் தூளும் தேவை. ஜாடியில் ஒரு அடுக்குத் துண்டு, ஒரு அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேல் அடுக்கு உப்பாக இருக்குமாறு முடிக்கவும். மூன்று நான்கு நாள்கள், தினமும் ஒரு முறை உலர்ந்த மரக் கரண்டியால் புரட்டிவிட்டால் உப்புக் கரைந்து நீர் விடும். பிறகு துண்டுகள் மேலே மிதக்காதபடி, சுத்தமான பீங்கான் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் கழுவி உலர்த்திய கருங்கல்லைப் பாரமாக வைக்கவும். எந்தத் துண்டும் உப்பு நீருக்கு மேலே தெரியக் கூடாது. மேலே நிற்கும் துண்டில்தான் பூஞ்சாணம் முதலில் பிடிக்கும்.

இப்படிப் போட்டது பல மாதங்கள் கெடாமல் இருக்கும். தேவைப்படும்போது, தேவையான அளவு துண்டை எடுத்து, நீரை வடித்து, சில மணி நேரம் வெயிலில் உலர்த்தி, தூள்களும் எண்ணெயும் சேர்த்து ஊறுகாயாக்கலாம். அப்போது மீண்டும் உப்புச் சேர்க்க வேண்டாம். பணத்தைத் தவணையாகப் போடவும், விற்பனைக்கு ஏற்பத் தயாரிக்கவும் இது வசதியானது.

மாங்காய் எண்ணெய் ஊறுகாய்

தேவையான பொருள்கள்: மாங்காய்த் துண்டு 1 கிலோ, உப்பு 180 கிராம், மிளகாய்த் தூள் 100 கிராம், கடுகுத் தூள் 100 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயம் 15 கிராம், மஞ்சள் தூள் 10 கிராம், நல்லெண்ணெய் 300 மில்லி.

கடுகை வெயிலில் காயவைத்துப் பச்சையாகவே பொடிக்கவும். வெந்தயத்தைப் பொன்னிறமாக மட்டும் வறுக்கவும். கருகினால் ஊறுகாய் கசக்கும். எண்ணெயை நன்கு காய்ச்சி, முழுவதும் ஆறவிடவும். தூள்களையும் உப்பையும் ஒன்றாகக் கலந்து, துண்டுகளில் பாதி எண்ணெயைப் பிசறி, பின் தூளைச் சேர்த்துப் புரட்டி ஜாடியில் அழுத்தி நிரப்பவும். மீதி எண்ணெயை மேலே ஊற்றித் துணியால் வேடு கட்டவும். நான்காம் நாள் நன்றாகக் கிளறிப் பார்க்கவும். துண்டுகளுக்கு மேல் எண்ணெய் 1 செ.மீ. உயரமாவது நிற்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி ஆறிய எண்ணெயை மேலும் ஊற்றவும். மூன்று வாரத்தில் ஊறுகாய் பதமாகும்.

மாவடு

காம்புடன் கூடிய, விரலால் அழுத்தினால் அமுங்காத வடு 1 கிலோ. உப்பு 180 கிராம். மிளகாய்த் தூள் 50 கிராம். கடுகுத் தூள் 25 கிராம். மஞ்சள் தூள் 10 கிராம். உணவுக்குரிய விளக்கெண்ணெய் இரண்டு தேக்கரண்டி. கழுவித் துடைத்து உலர்த்திய வடுவில் விளக்கெண்ணெயைப் பூசவும். உப்பையும் தூள்களையும் அடுக்கடுக்காகப் போட்டு, தினமும் ஒரு முறை குலுக்கிவிடவும். சில நாள்களில் நீர் விட்டு, இரண்டு வாரத்தில் வடு சுருங்கத் தொடங்கும். வடு முழுவதும் உப்பு நீரில் அமிழ்ந்திருக்க வேண்டும். இதில் எண்ணெய்க் காவல் இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஆகவே உப்பைக் குறைக்கவே கூடாது.

எலுமிச்சை ஊறுகாய்

கோடையில் எலுமிச்சைக்கு நல்ல விலை உண்டு. மழைக் காலத்தில் வரத்து மிகுந்து விலை சரியும். புளியங்குடி போன்ற எலுமிச்சைச் சந்தைகளுக்குக் காய் கொண்டு செல்வோர் இதை நன்கு அறிவர். விலை சரியும் காலமே ஊறுகாய் போடும் காலம்.

பழுத்த எலுமிச்சை 1 கிலோவில் 800 கிராமை நான்காக, எட்டாக நறுக்கவும். மீதி 200 கிராமைப் பிழிந்து சாற்றை ஊற்றவும். 200 கிராம் உப்பும் 10 கிராம் மஞ்சள் தூளும் கலந்து ஜாடியில் இட்டுத் தினமும் குலுக்கவும். வெயில் இருக்கும் நாளில் வெயிலில் வைக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் தோல் மென்மையாகி, கசப்புக் குறையும். அதன் பிறகே 75 கிராம் மிளகாய்த் தூள், 10 கிராம் வெந்தயத் தூள், 5 கிராம் பெருங்காயத் தூள் சேர்க்க வேண்டும். விரும்பினால் 150 மில்லி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, ஆறவிட்டுக் கலக்கலாம்.

காய்கறியும் பூண்டும்

கேரட், காலிபிளவர் போன்றவற்றை 1 கிலோ நறுக்கி, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுக்கவும். நீரை வடித்துத் துணியில் பரப்பி, மேல் ஈரம் முற்றிலும் போக உலர்த்தவும். 150 கிராம் உப்பும் 250 மில்லி எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஓர் இரவு ஊறவிடவும். இதற்கு நடுத்தரமான பழம் சுமார் 15 தேவைப்படும். பிறகே தூள்களும், காய்ச்சி ஆறிய எண்ணெயும் சேர்க்க வேண்டும். சாறு உள்ளே ஊறுமுன் எண்ணெயை ஊற்றினால், எண்ணெய் காயைச் சுற்றிக்கொண்டு புளிப்பை உள்ளே விடாது.

உரித்த பூண்டுக்கும் இதே விகிதம் பொருந்தும். பெரிய பற்களை இரண்டாகக் கீறிப் போட்டால் உப்பும் சாறும் நடுப்பகுதி வரை செல்லும். இஞ்சியைத் தோல் சீவி, மண் போகக் கழுவி, மெல்லியதாக நறுக்கிய பின்னரே ஊறவைக்கவும். எலுமிச்சைக்குப் பதில் வினிகரை மட்டும் நம்பிப் போடுவதானால், கடையில் விற்கும் 5 சதவீத வினிகர் 1 கிலோ காய்க்கு 600 மில்லி தேவை. வினிகரில் தண்ணீர் கலக்கக் கூடாது. தொழிலுக்குப் பயன்படும் கடும் அசிட்டிக் அமிலத்தை வாங்கி வீட்டில் நீர்த்துப் பயன்படுத்துவது ஆபத்து.

மீன், இறால், இறைச்சி ஊறுகாய்களில் இயற்கைப் புளிப்பு சிறிதும் இல்லை. இவற்றை முறையான பயிற்சி இன்றி விற்பனைக்குச் செய்ய வேண்டாம். வீட்டுக்கு என்றால் சிறிதளவு செய்து, குளிர்பெட்டியில் வைத்து, சில நாள்களுக்குள் உண்டுவிடுவது நலம்.

பாத்திரம்

பீங்கான் ஜாடியும் கண்ணாடிப் புட்டியும் மிகச் சிறந்தவை. செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்புப் பாத்திரங்களில் ஊறுகாயைக் கலக்கவோ வைக்கவோ கூடாது. புளிப்பும் உப்பும் உலோகத்தைக் கரைத்து, ஊறுகாயின் நிறத்தையும் சுவையையும் கெடுப்பதோடு உடலுக்கும் தீங்கு செய்யும். பிளாஸ்டிக் என்றால் உணவுக்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும். பூச்சிமருந்தோ உரமோ இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தலாகாது. ஜாடியை வெந்நீரில் கழுவி, வெயிலில் முழுவதும் காயவைத்தே நிரப்பவும். அன்றாடப் பயன்பாட்டுக்குச் சிறு புட்டியில் எடுத்துக்கொண்டு, பெரிய ஜாடியை அடிக்கடி திறக்காதிருப்பது நலம்.

குறைகளும் காரணமும்

மேலே வெண்மையான மெல்லிய படலம்: காற்றில் வளரும் ஈஸ்ட். உப்புக் குறைவு, அல்லது காய் நீருக்கு மேலே நிற்பது காரணம். இது புளிப்பைத் தின்று குறைப்பதால், பிற கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். தொடக்கத்திலேயே வழித்தெடுத்து, உப்பைச் சரிசெய்து, காயை அமிழ்த்தவும்.

பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சு போன்ற வளர்ச்சி: பூஞ்சாணம். மேலே எடுத்து எறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்று எண்ண வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடவும்.

காய் குழைதல்: உப்புக் குறைவு, அல்லது அடிபட்ட, பழுக்கத் தொடங்கிய காய்.

கறுத்தல்: இரும்புப் பாத்திரம், இரும்புக் கரண்டி, இரும்புச் சத்து மிகுந்த நீர்.

காறல் வாடை: பழைய எண்ணெய், அல்லது வெளிச்சமும் வெப்பமும் படும் இடத்தில் வைத்தல்.

நுரைத்தல், மூடி உப்புதல், கெட்ட நாற்றம்: சுவைத்துப் பார்க்காமலேயே அப்புறப்படுத்தவும்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்

ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 15 சதவீத உப்புள்ள ஊறுகாயில் 10 கிராம் உண்டால் அதிலேயே ஒன்றரை கிராம் உப்பு சேர்ந்துவிடும். ஆகவே, மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னால் அது சரியான அறிவுரையே. ஆனால் குறைக்க வேண்டிய இடம் ஜாடி அல்ல, இலை. இலையில் ஊறுகாயைக் குறைக்கலாம், தேவையானால் விட்டுவிடலாம். ஜாடியில் உப்பைக் குறைத்தால் ரத்தக் கொதிப்புள்ளவர் மட்டுமல்ல, வீட்டிலுள்ள அனைவரும் கெட்ட பொருளை உண்ண நேரும். உப்புக் குறைந்த ஊறுகாய்தான் வேண்டும் என்றால், புளிப்பு மிகுந்த மாங்காயிலோ எலுமிச்சையிலோ ஒரு வாரத்துக்கு மட்டும் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து உண்ணவும்.

விற்பனைக்குச் செய்வோர்

முதலில் 5 கிலோ, 10 கிலோ என்று தொடங்கி, மூன்று நான்கு மாதம் வைத்துப் பார்த்து, கெடாமல் இருப்பது உறுதியான பிறகே அளவைக் கூட்டவும். ஒவ்வொரு முறை போட்டதற்கும் தேதி, காயின் எடை, உப்பின் எடை, எண்ணெயின் அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கவும். அதிலிருந்து ஒரு புட்டியை விற்காமல் எடுத்து வைத்தால், பின்னர் குறை ஏதும் வந்தால் காரணம் கண்டுபிடிக்க உதவும். விலை வைக்கும்போது காய், எண்ணெய், தூள் ஆகியவற்றுடன் புட்டி, மூடி, லேபிள், வண்டிச் செலவு, வீட்டுப் பெண்களின் கூலி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். தம் உழைப்புக்குக் கூலி போடாமல் விலை வைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்பவரும் பதிவு பெற வேண்டும். லேபிளில் சேர்ந்துள்ள பொருள்கள், நிகர எடை, தயாரித்த தேதி, பயன்படுத்தும் காலம், முகவரி, பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். கெடாமல் காக்கும் ரசாயனம் சேர்ப்பதானால், சட்டம் அனுமதித்தவற்றை அனுமதித்த அளவில், நுண்ணிய தராசில் நிறுத்தே சேர்க்கவும். வீட்டுக்குப் போடும் ஊறுகாய்க்கு அது தேவையே இல்லை.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974 இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பரவியுள்ள இந்நிலையங்களில் காய், கனி பதப்படுத்தும் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். செல்லும்போது உங்கள் ஊறுகாயில் ஒரு புட்டியையும், உப்பு எழுதிய நோட்டையும் கொண்டு சென்றால் ஆலோசனை கூறுவது எளிதாக இருக்கும்.

அந்தக் கிருஷ்ணகிரி வீட்டுக்கு அடுத்த ஆண்டு பங்குனியில் மீண்டும் செல்ல நேர்ந்தது. திண்ணையில் ஜாடி நிமிர்ந்து நின்றது. வேட்டுத் துணியின் மேல் ஒரு சீட்டு: "வடு 6 கிலோ, உப்பு 1,080 கிராம்". எழுத்து யாருடையது என்று கேட்டேன். "மருமகதான் சார் தராசு வெச்சு எடை போட்டா. ஜாடி இப்ப அவ பொறுப்பு" என்றார் பெரியம்மா.

இந்தக் கோடையில் ஊறுகாய் போட இருப்போர், மிளகாயும் எண்ணெயும் வாங்குமுன் ஒரு நல்ல தராசு வாங்கிவிடுங்கள். 1 கிலோ காய்க்கு 180 கிராம் உப்பு. புளிப்பில்லாத காய்க்குப் புளிப்பு. துடைத்து உலர்த்திய காய். மூடி நிற்கும் எண்ணெய் அல்லது உப்பு நீர். இந்தக் கணக்குச் சரியாக இருந்தால், யார் கை பட்டாலும் ஊறுகாய் கெடாது.